சித்திமார் இல்லாத லீவு

3-6-77, வெள்ளி. துபாய்

ஏ.சி. மறுபடியும் ஒழுகுகிறது. கீழே பக்கெட்டை வைத்துவிட்டு எழுதுகிறேன்.

இவருக்கு லீவு சாங்ஷன் ஆகிவிட்டது. இந்த வருஷம் திருச்சி இல்லை! இவரோடு வேலை பார்க்கும் கிரேக்க இன்ஜினியர், தன் ஊரில் அம்மா வீட்டு ரூம் ஒன்றைத் தருகிறாராம். கடலோரத்தில் சின்னக் கிராமம், கோடையில் வெள்ளைக்காரர்கள் வந்து குளிக்கிற இடம். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போகிற முதல் ஊர்.

இதுவரை எல்லா லீவும் மாமியார் வீட்டில்தான். என்னை ஹாலில் சித்திமாரோடு படுக்கவைப்பார்கள், இவரை மொட்டைமாடியில் சித்தப்பாக்களோடு. விடிந்ததும் அதே சித்திமார், "என்னம்மா, விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்பார்கள். எப்படி இருக்கும்? தபால்லயா வரும்?

9-6-77

சண்டை. "லீவு கிடைக்கவில்லை" என்று இவர் அம்மாவுக்கு எழுதிப் போட்டுவிட்டாராம்.

"பொண்டாட்டியோட போறேன்னு எழுதினா என்ன?"

"அம்மா வருத்தப்படுவாங்க, ஜெயா."

அப்போ நான் யாரு? இழுத்துக்கிட்டு ஓடுற கேஸா? தாலி கட்டின புருஷனோட திருட்டுத்தனமா ஊர் சுத்தணும்னு எனக்கென்ன தலையெழுத்து! உண்மையை எழுதாதவரைக்கும் இந்த லீவு எனக்கு ஒட்டாது. சொல்லிவிட்டேன். இவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

10-6-77

பேச்சு இல்லை. சாம்பாரில் உப்பும் இல்லை. வேண்டுமென்றேதான்.

18-6-77. கிரீஸ்

வந்து சேர்ந்தோம். ஒரே தெரு, ஒரு சர்ச், ஒரு பேக்கரி, மூன்று சாப்பாட்டுக் கடை. கரையில் மணலே இல்லை, எல்லாம் கூழாங்கல். ஒரு கடை வாசலில் ஆக்டோபஸைக் கொடியில் காயப்போட்டிருக்கிறார்கள், ஈரத்துணி மாதிரி. நான் போட்ட கூச்சலில் கடைக்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

இவர் கட்டிய பெட்டி ஏன் அந்தக் கனம் என்று திறந்து பார்த்தால் — நைலக்ஸ் புடவை ஆறு, டார்ச் லைட் நாலு, கோடாலித் தைலம் பன்னிரண்டு! லீவு என்றதும் கை தானாக வாங்கி அடுக்கியிருக்கிறது.

"இங்க எந்தச் சித்திக்குங்க இதெல்லாம்?"

பத்து நாளுக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

20-6-77

நீச்சலுடைக்காரிகளைப் பார்க்கக் கூடாது என்று இவர் தரையையே பார்த்து நடந்து, ஒரு வெள்ளைக்காரி மேலேயே போய் முட்டிக்கொண்டார். நல்லா வேணும்.

வீட்டுக்கார அம்மாளுக்கு முழங்கால் வலி. தைலம் தேய்த்துவிட்டேன். சாயங்காலம் கறுப்பு உடையில் மூன்று அம்மாக்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். பாஷை ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் ஒருத்தி என் வயிற்றைக் காட்டி ஏதோ கேட்டாள். அது மட்டும் நன்றாகப் புரிந்தது.

23-6-77

புடவையோடு கடலில் இறங்கிவிட்டேன். இவர் கரையில் துண்டோடு நின்று "ஆழம் ஜெயா, ஆழம்!" என்று கத்தினார். தண்ணீர் முழங்கால்வரைகூட இல்லை. பிறகு பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு தானும் வந்தார். அலை அடித்ததும் என் கையைப் பிடித்தார், விடவே இல்லை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! ஆனால் ஊருக்குத் தெரியாத சந்தோஷம்.

கரையேறியதும் இவராகவே போய்ப் படம் போட்ட கார்டு ஒன்று வாங்கினார். எழுதிக் காட்டினார்: "அம்மா, லீவு கிடைத்தது. பொய் சொல்லிவிட்டேன். ஜெயாவோடு தனியாக வர ஆசையாக இருந்தது, வந்தேன்."

தபால்பெட்டி முன்னால் நின்று "போட்டுடவா?" என்று மூன்று தடவை கேட்டார். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போட்டார்.

"கலாஸ்," என்றார், துபாய் அரபியில், முடிந்தது என்று. வேர்த்துப்போயிருந்தது. அழுதுவிட்டேன்.

15-7-77. துபாய்

திருச்சியிலிருந்து ஒரு வரி இல்லை. வாராவாரம் எழுதுகிறவர் மாமியார். இவர் தினமும் இரண்டு தடவை தபால்பெட்டியைப் பார்த்துவிட்டு வருகிறார். சில நாள் நானும் கூடப் போகிறேன். வீரம் பேசியது நான்தானே?

29-7-77

மாமியார் கடிதம். என் பேருக்கு.

"ஜெயாவுக்கு. அவன் கார்டு வந்தது. ரெண்டு நாள் சாப்பிடலை, அவ்வளவு கோபம். மூணாம் நாள் அதை எடுத்து உன் மாமனார் இலைக்குப் பக்கத்துல வெச்சேன். முப்பது வருஷம் ரயில்வே உத்தியோகம். பாஸ் பீரோவுல தூங்குது. என்னைச் சமயபுரம் தாண்டிக் கூட்டிட்டுப் போனதில்லை. பார்த்தார். கை கழுவிட்டுப் போய் பீரோவைத் திறந்தார். வர்ற வெள்ளிக்கிழமை கன்னியாகுமரி கிளம்பறோம், நாங்க ரெண்டு பேர் மட்டும். சித்திமார்கிட்ட மதுரையில கண் ஆபரேஷன்னு சொல்லியிருக்கேன். யாராவது எழுதிக் கேட்டா நீயும் அப்படியே சொல்லிடு."