முறிகண்டியில் நிற்காத பஸ்

இவ்வளவு காலமும் நான் உம்மோடு வாய் திறக்காமல் இருந்தது போதும். உமது தங்கை வவுனியாவிலிருந்து கடிதம் போட்டு மூன்று கிழமையாகிறது. நீர் காலமான முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சிடுகிறார்களாம். "அண்ணாவோட முதன்முதல் வேலை செய்த ஆள் நீங்கள்தான், நீங்கள் எழுதாமல் விடக்கூடாது" என்று எழுதியிருந்தா. நான் பதில் போடவில்லை. உம்மைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத எனக்குக் கை வரவில்லை. மற்ற மாதிரி எழுத நினைவு மலர் இடமில்லை.

இன்று காலை, நான் படிப்பிக்கும் பளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு கட்டு வந்தது. சணற்கயிற்றை அறுத்தபோது அச்சு மை மணம் மூக்கில் அடித்தது. சிறு பிள்ளைகளுக்கான படப் பரீட்சைப் புத்தகங்கள். அட்டையில் ஆக்கியோன் என்று உமது பெயர். சும்மா புரட்டிக்கொண்டு போனவன் ஏழாம் பக்கத்தில் கதிரையைத் தேடி இருந்துவிட்டேன். ஒரு பஸ் பயணம், ஐந்து படங்கள். நடுப்படத்தில் பஸ் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கிறது. கொண்டக்டர் குனிந்து கற்பூரம் கொளுத்துகிறான். பஸ்ஸின் பின் சில்லு முன் சில்லைவிடப் பெரிது.

அந்தச் சில்லைக் கீறியவன் நான். "உது பஸ்ஸோ, உழவு மிசினோ காணும்?" என்று நீர் வயிற்றைப் பிடித்துச் சிரித்த அதே சில்லு. பத்து வருடமாக அதைத் திருத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குக் கோபம் வந்தது என்று எழுதத்தான் விருப்பம். உண்மையில் வந்தது புளுகம், துள்ளிக் குதிக்கிற சந்தோசம். வகுப்பில் பிள்ளைகள் இருப்பதையும் மறந்து, "இஞ்ச பார்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

கிளிநொச்சிக்குக் கிழக்கே, காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்காக எழுந்த ஓலைக் கொட்டகைப் பள்ளிக்கூடத்துக்கு நீரும் நானும் புது வாத்தியார்களாக ஒரே நாளில் தகரப் பெட்டியோடு வந்து இறங்கினோம். ஒரே வயது, ஒரே அறை, ஒரே சைக்கிள். நீர் கல்வி உளவியல் புத்தகங்களைத் தபாலில் எடுத்து வாசிப்பீர். நான் கடதாசி கண்ட இடமெல்லாம் கீறுவேன். பின்னேரங்களில் வாய்க்கால் கரையில் குந்தியிருந்து நீர் கதைத்தது இன்னும் காதில் நிற்கிறது. "எங்கட ஆக்களுக்கு டொக்டர், எஞ்சினியர், கிளாக்கர் எண்ட மூண்டு உத்தியோகந்தான் தெரியும். பிள்ளை எப்பிடிப் படிக்குது எண்டு பார்க்கிறதும் ஒரு உத்தியோகம் காணும்."

"அதுக்குச் சம்பளம் ஆர் தருவான்?" என்று நான் கேட்டேன்.

"முதல் வேலையைச் செய்வம். உத்தியோகம் பிறகு முளைக்கும்."

பிறகு ஒரு நாள், பள்ளிக்கூடங்களைச் சோதிக்கிற வித்தியாதரிசி வவுனியாவிலிருந்து காரில் வந்தார். எங்கேயோ குளிர் நாட்டில் செய்த படப் பரீட்சை ஒன்றைக் கையோடு கொண்டு வந்தார். அதில் தவறுகிற பிள்ளைகளைப் பிரித்து வேறு வகுப்பில் விட வேண்டும். அவர்களைப் புலமைப் பரிசில் சோதனைக்கு அனுப்பவும் கூடாது. பிள்ளைகள் அதற்கு அன்றே 'மொக்கு வகுப்பு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பூமணி என்றொரு பிள்ளை, கணக்கில் புலி. அவளுக்கு நாலு படம் கொடுத்து ஒழுங்காக அடுக்கச் சொன்னார். சனங்கள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள், ஏறுகிறார்கள், பஸ் காட்டுக்குள்ளால் போகிறது, இறங்குகிறார்கள். மூன்றை வைத்தவள் கடைசிப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன் பிள்ளை? வை."

"ஒரு படம் காணேல்லை சேர்."

"என்ன படம்?"

"பஸ் முறிகண்டியில நிக்கிற படம். அது இல்லாமல் எப்பிடிச் சேர் இறங்கிறது?"

அவளுக்குப் பின்னால் வந்த பிள்ளைகளும் அதே இடத்தில் நின்றார்கள். அந்தப் பாதையில் பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டாமல் போன பஸ்ஸை அவர்கள் கண்டதில்லை. வித்தியாதரிசி எல்லோருக்கும் பூச்சியம் போட்டார். "படம் பூரணமாக இருக்கிறது, பிள்ளைகள்தான் பூரணமில்லை" என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

நான் பல்லை நெருமிக்கொண்டு நின்றேன். நீரோ சிரித்தீர். "அவரின்ரை சட்டைப் பையைக் கண்டனீரோ? கச்சான்கடலைக் கோது பிதுங்குது. தானும் முறிகண்டியில இறங்கிக் கச்சான் வாங்கித்தான் வந்திருக்கிறார். அவருக்கும் பூச்சியம் போடும் காணும்!"

அன்று தொடங்கிய வேகத்தை என்னால் இப்போதும் நம்ப முடியவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் படம் என்றீர். ஒரே கிழமையில் அறுபது படம் கீறினேன். ஏணி இல்லாத காவற்பரண், கடையாணி இல்லாத வண்டில், கன்று இல்லாமல் பால் கறக்கிற மாடு. வகுப்பு முழுவதும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று நீர் சொன்னபோது இருவருக்கும் ஒரே யோசனை வந்தது. தலைமையாசிரியரின் அலுமாரிக்குள் அரசாங்கம் தந்த படங்காட்டும் யந்திரம் கிடந்தது. மின்சாரம் இல்லாத ஊரில் அது வருடத்துக்கு ஒருமுறை சரஸ்வதி பூசைக்கு மட்டும் வெளியே வந்து, சந்தனப் பொட்டு வாங்கிக்கொண்டு திரும்ப உள்ளே போகும்.

நாங்கள் அதன் கண்ணாடி வில்லையைக் கழற்றினோம். முல்லைத்தீவிலிருந்து வந்து சந்தியில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் தேயிலைப் பெட்டி கேட்டுப் போனோம். "என்ன வாத்தியார்மார், பெட்டிக்குள்ள ஆரை அடைக்கப் போறியள்? வித்தியாதரிசியையோ?" என்று கேட்டுச் சும்மாவே தந்தார். பெட்டிக்குள் பெற்றோல்மாக்ஸ் விளக்கு, முன்னால் வில்லை, இரண்டு தடிகளில் சுற்றிய எண்ணெய்க் கடதாசியில் என் படங்கள். பள்ளிக்கூடத்தோடு ஒட்டியிருந்த நெல்லு அறையின் யன்னலைச் சாக்கால் மூடி, பட்டப்பகலில் பிள்ளைகளை உள்ளே இருத்தினோம். சுவரில் முதற் படம் விழுந்தபோது பிள்ளைகள் போட்ட கூச்சலில் வாய்க்கால் வேலை செய்தவர்கள் மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள். யானை என்று நினைத்தார்களாம்.

நீர் சுவரைப் பார்க்கவில்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொப்பியில் எழுதினீர். முதல் நாள் ஒரு பிள்ளைக்கு விளங்காததை அடுத்த நாள் ஒருமுறை காட்டினீர், மூன்றாம் நாள் தனியே செய்யவிட்டீர். "எவ்வளவு தெரியும் எண்டதை ஆரும் அளக்கலாம். எவ்வளவு கெதியாப் பிடிக்குது எண்டதைத்தான் அளக்கவேணும்" என்றீர். பூச்சியம் வாங்கிய பிள்ளைகளில் அநேகர் மூன்றாம் நாள் எல்லாப் படத்தையும் முடித்தார்கள். பூமணி எனக்கே பிழை பிடித்தாள். நீர் அதையெல்லாம் நாற்பது பக்க அறிக்கையாக எழுதி, என் படங்களையும் கட்டிக் கொழும்புக்கு அனுப்பினீர்.

இனித்தான் நான் பத்து வருடமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கதை வருகிறது. பாதிதான் சொன்னேன். இன்று முழுவதும் எழுதுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் எங்களைக் கூப்பிட்டு, அறிக்கையின் தட்டச்சுப் பிரதி ஒன்றைக் காட்டினார். கொழும்புக் கந்தோரிலிருந்து வித்தியாதரிசிக்கு அனுப்பி, அவர் கீழே அனுப்பியது. முதற் பக்கத்தில் உமது பெயர் மட்டும். கடைசிப் பக்கம்வரை தேடினேன். படங்கள் கீறியவர் என்று ஒரு வரிகூட இல்லை.

"என்ரை பேர் எங்கை?"

"விடும் காணும். அதைப் பிறகு பாப்பம்."

"பிறகு என்ன பாக்கிறது? படம் ஆரின்ரை?"

தலைமையாசிரியர் மெல்ல இருமி, அந்த அறிக்கையில் வில்லையைக் கழற்றிய முறையும் விபரமாக எழுதியிருக்கிறது, திங்கட்கிழமை விசாரணை என்றார். அரசாங்கச் சொத்து. நாங்கள் ஒருவருக்கொருவர் முகம் கொடாமல் வில்லையை யந்திரத்தில் திரும்பப் பொருத்தினோம். பெற்றோல்மாக்ஸ் சூட்டில் வில்லை வெடித்திருந்தது. அதன் விளிம்பு என் பெருவிரலைக் கிழித்தது.

திங்கட்கிழமை வித்தியாதரிசி வெடித்த வில்லையை மேசையில் வைத்தார். "ஆர் கழற்றினது?"

"நான்" என்றீர். "தனியத்தான்."

அவர் என் பக்கம் திரும்பி, விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். "உமக்கென்ன கையில?"

"கத்தி வெட்டினது சேர்" என்றேன்.

நீர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அன்றே உம்மை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நான் பிற்பகல் வகுப்பு எடுத்தேன். நீர் தகரப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனதை நெல்லு அறை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். கொழும்பில் யாரோ ஒருவர் உமது அறிக்கையைக் கடைசிவரை வாசித்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில் மொக்கு வகுப்பு திறக்கவில்லை, பூமணி சோதனை எழுதினாள். உம்மைக் கடல் கடந்து படிக்க அனுப்பினார்கள். நீர் சொன்ன உத்தியோகம் முளைத்தது, அதில் முதலாவதாக நீரே இருந்தீர். நான் பளைக்கு மாற்றலாகி வந்து, தேநீர்க் கடையிலும் கலியாண வீட்டிலும் "என்ரை படத்தை வித்துத்தான் அவன் மேல போனவன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். விரலில் சுற்றிய துணியைப் பற்றி யாருக்கும் சொல்லவில்லை.

ஒருமுறை நீர் எனக்கு எழுதினீர். "பாடப்படம் செய்யிற பகுதியொண்டு திறக்கிறாங்கள். கீறத் தெரிஞ்ச ஆள் வேணும். வாரும் காணும்." அதிலும் என் பெயரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த வீம்பில் பதில் போடவில்லை. அந்த இடத்துக்கு வேறொருவர் போனார். நீர் என் பெயரை என்னைக் காப்பாற்றத்தான் விட்டீரா, அல்லது தனிப் பெயராக இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று விட்டீரா? எனக்குத் தெரியாது. அறிக்கை அனுப்பும்போது விசாரணை வருமென்று உமக்கும் தெரிந்திருக்காது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஒரு வரி எழுதியிருக்கலாம் நீர். அதை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

ஆனால் இன்று பகல் நடந்ததைக் கேளும். புத்தகத்தை நாலாம் வகுப்புக்குக் கொடுத்தேன். முறிகண்டிப் பக்கத்தில் ஒருவரும் தடுக்கி நிற்கவில்லை, குதிரைபோல் ஓடினார்கள். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பெண் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிற படம். அங்கே ஒரு பிள்ளை பென்சிலை வைத்துவிட்டாள். பிழை போடக் கை போனது. நிறுத்திவிட்டு, "என்னம்மா காணேல்லை?" என்று கேட்டேன்.

"துலா இல்லை சேர். இவா எப்பிடி அள்ளுறா?"

பளைத் தோட்டக் கிணறுகளுக்குத் தண்ணீர் இறைக்கும் துலா மரம் இல்லாமல் முடியுமா? உமது புத்தகத்திலும் ஒன்று காணவில்லை காணும்! அந்தப் படம் நான் கீறியதில்லை, அதையும் சொல்லிவைக்கிறேன். பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி, எல்லாப் புத்தகத்திலும் துலாவைக் கீறிக் கொடுத்தேன். சுண்ணாம்புத் தூசியோடு நின்று நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். பத்து வருடமாக ஒரு பிள்ளைக்கும் நான் கேட்காமல் பிழை போட்டதில்லை. அது உம்மிடமிருந்து வந்தது என்பதை இன்றுதான் கவனித்தேன். இன்னும் இருக்கிறது, நாளைக்கும் இருக்கும்.

இதை உமது தங்கைக்கு அனுப்புகிறேன். அச்சிடுவதோ கிழிப்பதோ அவாவின் விருப்பம். கீழே கையெழுத்து வைக்கப் பேனையை மூன்று முறை எடுத்தேன். என் பெயரை ஒருவரும் எழுதவில்லை என்று இத்தனை வருடம் எரிந்தவன் நான். அந்தத் திங்கட்கிழமை அதைச் சொல்ல ஒரு தருணம் வந்தது, அந்த மேசைக்கு முன்னால். அன்றைக்கு மறைத்த பெயரை, படம் நாடு முழுவதும் போய்ச் சேர்ந்த பிறகு எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. கையெழுத்தில்லாமல் உறையை ஒட்டிவிட்டேன். தபாற் கந்தோர் மூட முன் போய்ப் போட்டுவிட்டு வருகிறேன்.