என் ஸ்கோர், அவன் பெயர்

மார்ச் 4, செவ்வாய்

பல் கட்டும் லேபில் இன்று இரண்டு முழுப் பல் செட் செய்தேன். மத்தியானம் தம்பி மனைவி ஒரு பத்திரிகைப் பக்கத்தைப் போனில் அனுப்பினாள். ‘தொண்ணூறுகளின் வீடியோ கேம் வீரர்’ — தம்பி சிரித்துக்கொண்டு நிற்கிறான். மாலில் பழைய மிஷின்களைக் கண்காட்சி வைக்கிறார்களாம். இவன்தான் சிறப்பு விருந்தினர். முப்பது வருஷமாக யாரும் தாண்டாத ஸ்கோராம்.

அவன் ஸ்கோரா? ஆடியவள் நான். எனக்குப் பதினாறு, அவனுக்குப் பதின்மூன்று. கேம் கடைக்குப் போனது தெரிந்தால் அப்பா காலை ஒடிப்பார் என்று பயந்து, ஸ்கோர் பட்டியலில் தம்பி பெயரின் மூன்று எழுத்தைப் போட்டேன். அவன் பக்கத்தில் நின்று பப்பிள்கம் மென்றான். அவ்வளவுதான் அவன் செய்த வீரம்.

‘வாழ்த்துகள்’ என்று பதில் போட்டேன். பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 5

வெட்கம் என்று ஒன்று கிடையவே கிடையாதா அவனுக்கு?

மார்ச் 9, ஞாயிறு

பழத்தோடு வந்து நின்றான். காரியம் ஆகவேண்டுமென்றால்தான் அக்கா ஞாபகம் வரும். ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு மெதுவாக ஆரம்பித்தான்.

“மேடையில ஆடிக் காட்டச் சொல்றாங்கக்கா. நேத்து ஒரு தடவை ஆட விட்டாங்க. மூணாவது ரவுண்டுல அந்த இரும்புச் சிலந்தி வருமே, அதுலயே செத்துட்டேன். இனி அன்னைக்குத்தான் மிஷினைத் தொட விடுவாங்க. நீ எப்படித் தாண்டுவே?”

“நீ என்கிட்ட வந்து கேக்கறது பத்திரிகைக்காரனுக்குத் தெரியுமா?”

“அவங்களா எழுதிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?”

என்ன பண்ணட்டுமாம்! ‘நான் இல்லை, அக்கா’ — இதைச் சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா?

சிலந்தி காலைத் தூக்கும்போது நாம் ஓட்டும் விமானத்தை வலது ஓரத்தில் ஒட்டி நிறுத்த வேண்டும். ஒரு குண்டும் படாது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கோடை விடுமுறை முழுக்க ஆனது.

“இடது ஓரம்,” என்றேன். “ஒட்டி நில்லு. என்ன ஆனாலும் அசையாதே.”

தலையை ஆட்டிக்கொண்டு போனான்.

மார்ச் 10

உறுத்துகிறதா? இல்லை. துளிகூட இல்லை.

மார்ச் 22, சனி

அவன் மூக்குடைபடுவதைப் பார்க்கத்தான் போனேன். கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றேன்.

மைக்கை வாங்கினான். “பத்திரிகையில வந்தது தப்பு. இந்த ஸ்கோர் எங்க அக்காவோடது. அதோ நிக்கறாங்க பாருங்க. பெருமைக்கு ஆசைப்பட்டு இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்துட்டேன். இன்னைக்கு ஆடப்போறதும் அவங்க சொல்லிக் கொடுத்ததுதான்.”

எல்லாத் தலையும் திரும்பியது. கைதட்டல். எனக்குக் காதை அடைத்தது.

ஆட ஆரம்பித்துவிட்டான். சிலந்தி வந்தது. ‘வலது’ன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா போதும் — ஏன் போடல நான்? ஏன்?

மிஷின் தரும் மூன்று உயிரும் போயின. மூன்று தடவையும் இடது ஓரம். முதல் தடவை செத்த பிறகும், நான் சொன்னதை நம்பி.

யாரோ என்னை மேடைக்குத் தள்ளினார்கள். தடுமாறித் தடுமாறி இரண்டு ரவுண்டு. சிலந்தி காலைத் தூக்கியது, என் கை தானாக வலது பக்கம் போனது. கூட்டம் கத்தியது.

அவன் என் தோளருகே நின்றான்.

“வலது ஓரமா,” என்றான். மேடையை விட்டு இறங்கிப் போனான்.

மார்ச் 23

தம்பி போனை எடுக்கவில்லை. ஒன்பது தடவை போட்டேன். கடைசியில் அவன் மனைவி எடுத்தாள். “என்ன அண்ணி நடந்துச்சு? வந்ததிலிருந்து முகம் கொடுத்துப் பேசமாட்டேங்கறார்.”

முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல, மேடையில சொல்லப்போறேன்னு! பாவி. யாரு பாவி?

ஏப்ரல் 11, வெள்ளி

கண்காட்சி நடத்தியவர்கள் லேபுக்குப் போன் செய்தார்கள். மிஷின் மேல் உள்ள பலகையில் இனி என் பெயர்தானாம். தம்பி மூன்று தடவை நேரில் வந்து, மாற்றும்வரை விடவில்லையாம்.

“லேப் நம்பருக்கு ஏன் போட்டீங்க?” என்று கேட்டேன்.

“உங்க நம்பரை அவர்கிட்ட கேட்டோம் மேடம். தன்கிட்ட இல்லைன்னு சொல்லிட்டார்.”