களியில் மண்ணெண்ணெய் வாடை

மாப்பிள்ளை,

இன்று காலை களியைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்திவிட்டேன். மண்ணெண்ணெய் வாடை. கேழ்வரகு மாவு மூட்டையைக் கடைக்காரன் எண்ணெய் டின்னோடு ஒட்டி வைத்திருக்கிறான். உன் அத்தை வட்டிலை முகர்ந்துவிட்டு, "ஆமாங்க, அடிக்குது" என்றாள். அந்த 'ஆமாங்க'வைக் கேட்டதும் என்னால் சாப்பிட முடியவில்லை. நீ சொன்னபோது அப்படிச் சொல்ல ஒருவர்கூட இல்லை.

அப்போது உனக்குப் பதினேழு வயது. "களியில சீமெண்ணெ நாத்தம் அடிக்குது ஆத்தா" என்று வட்டிலைத் தள்ளினாய். யுத்த காலம். விளக்குக்கே சீமெண்ணெய் இல்லை. "கெடைச்சா வெளக்குக்கு ஊத்துவனா, களிக்கு ஊத்துவனா" என்று உன் அம்மா, என் அக்கா, சிரித்தாள். நானும் சும்மா இருப்பேனா? சர்க்கார் நம் அடுப்படிக்குக் குழாய் போட்டு, இங்கிருந்துதான் பர்மா வரைக்கும் எண்ணெய் அனுப்புகிறது என்று அவிழ்த்துவிட்டேன்.

வழக்கமாக அதற்கு மேல் நீ ஒன்று போடுவாய். ஒகேனக்கல்லில் நான் பிடித்த மீனின் முள்ளைத்தான் சித்தேரி மலைக்கு உத்தரமாகக் கொடுத்திருக்கிறது என்பேன். "அந்த மீன் வயித்துல ஒரு தாலுக்கா கச்சேரி நடந்துச்சே மாமா, நாந்தான் அதுல டவாலிச் சேவகன், லீவுதான் குடுக்கல" என்பாய். ஈரேழு பதினாலு லோகத்திலும் புளுகில் என்னை வென்ற ஒரே வீரன் நீ.

அன்று நீ சிரிக்கவில்லை. "அந்தக் கொழாய் எந்தப் பக்கமா வருது மாமா?" என்று தணிந்த குரலில் கேட்டாய். பொய்டா மாப்ளே என்றேன். தலையாட்டினாய். ஆனால் சாயங்காலம் அடுப்படிச் சுவரில் காதை வைத்து நின்றாய்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. முடி வெட்டிக்கொள்ள மறுத்தாய். பரீட்சையில் வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு வந்தாய். கூட்டாளிகள் தேடி வந்தால் இல்லையென்று சொல்லச் சொன்னாய். கிணற்றடியில் பெண்கள் பேசினால் அது உன்னைப் பற்றித்தான் என்றாய். "சோம்பேறித்தனம், வேறென்ன" என்றார் உன் அப்பா. "ஒரு கல்யாணத்தப் பண்ணிவெச்சா எல்லாம் சரியாப்போவும்" என்றார்கள் ஊரில்.

சரியாகச் சொன்னவன் நீதான். புளி உலுக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்தாய். "மாமா, எனக்குள்ள என்னமோ ஆவுது. இப்பவே எங்கியாச்சும் கூட்டிட்டுப் போயிடுங்க. அப்புறம் நானே வரமாட்டேம்பேன்."

கூட்டிப் போகத்தான் நினைத்தேன். எங்கே என்று தெரியவில்லை.

முனியப்பன் கோயிலில் வேப்பிலை அடித்தார்கள். தருமபுரியில் பாய் ஒருவர், நாட்டு வைத்தியர், நாடி பார்த்துத் தைலம் கொடுத்தார். "இது தூக்கம் குடுக்கும். அவுரு காதுல விழற சத்தத்த நிறுத்த எங்கிட்ட மருந்து இல்லீங்க" என்றார். தைலம் தேய்த்த கொஞ்ச நாள் தூங்கினாய், நன்றாகச் சாப்பிட்டாய். என் மாப்பிள்ளை எமனோடு மல்யுத்தம் செய்து ஜெயித்துவிட்டான் என்று பாப்பிரெட்டிப்பட்டி சந்தை முழுக்கப் பறையடித்தேன். மாரிக்காலம் தொடங்கியதும் மறுபடி சுவரோரம் போய் நின்றாய்.

நீ சொன்னபடியேதான் நடந்தது. வரமாட்டேன் என்றாய். நாலு பேர் பிடித்து மொரப்பூரில் ரயிலேற்றினோம். பட்டணத்து ஆஸ்பத்திரி டாக்டரிடம், முன்னாலேயே வந்திருந்தால் குணமாகியிருப்பானா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். "சொல்ல முடியாதுங்க. இதே மாதிரி ஆரம்பிச்சவங்கள்ல சில பேர் தானாத் தெளிஞ்சு வேலைக்குப் போறாங்க. சில பேர் திரும்பறதே இல்ல. யாரு எந்தப் பக்கம்னு ஆரம்பத்துல எங்களுக்கும் தெரியறதில்ல."

கடைசியாக உன்னைப் பார்க்க நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ மெலிந்திருந்தாய், ஆனால் முகம் தெளிந்திருந்தது. மாங்காய் காய்ப்பு எப்படி என்று விசாரித்தாய். புறப்படும்போது, "நீங்க முன்னாடி போயி ஆத்தாகிட்டச் சொல்லுங்க மாமா. நான் பின்னாடியே வர்றேன்" என்றாய்.

வந்து சொன்னேன். அக்கா உன் அறையைச் சாணமிட்டு மெழுகினாள். பாய் உதறிப் போட்டாள். அந்த வாரமே தந்தி வந்தது. வயிற்றுக்கடுப்பாம். அந்த மாதம் அங்கே பலருக்கும் கண்டதாம். உன் வியாதிகூட உன்னைக் கொல்லவில்லை, மாப்பிள்ளை.

அக்கா என்னிடம் வேறெதுவும் கேட்பதில்லை. எப்போதாவது வெற்றிலைத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "அவன் சொன்னத இன்னொருக்கா சொல்லு தம்பி" என்பாள். கடுகை மலையாக்கி, மலைக்குக் கொம்பும் வைப்பவன் நான். அதில் மட்டும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். கேட்டுவிட்டு, "சரி" என்று எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாள்.

உன் மாமன்