அண்ணன் எனக்காக நேர்ந்த காவடி

பெப்ரவரி 8, ஞாயிறு

இன்று சபையில் சாட்சி சொன்னேன். போன ஆகஸ்டில் பேராதனை ஆஸ்பத்திரியில் மார்புக் கட்டியை எடுத்தது, இப்போது பழையபடி துணிக்கடையில் நின்று சீலை விரித்துக் காட்டுவது, எல்லாம். "கர்த்தர் என்னைக் கைவிடல" என்றதும் ஒரே கைதட்டல். அதோடு இறங்கியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "எங்க அழகர் அண்ணன் எனக்காகக் காவடி நேர்ந்திருக்காரு. அந்தப் பாசமும் கர்த்தர் குடுத்ததுதான்" என்றேன். கைதட்டல் அப்படியே நின்றுபோனது. பாட்டுக் குழுவில் என் பக்கத்தில் நிற்கிற கஜனி, நான் பீங்கானைப் போட்டு உடைத்தது போல் பார்த்தாள்.

பெப்ரவரி 11, புதன்

பாஸ்டர் தினுஷன் கடைக்கே வந்துவிட்டார். என் தம்பி வயது. நல்ல பிள்ளை. ஓபரேஷனுக்கு முதல்நாள் பட்டினி கிடந்து எனக்காக ஜெபித்தவர்.

"அக்கா, அண்ணனை நிப்பாட்டச் சொல்லுங்க. சுகம் குடுத்தவருக்குத்தானே மகிமை?"

"என் மேல உள்ள பாசத்துல நேர்ந்தது, பாஸ்டர்."

"பாசம் சரி. காவடி பிழை. காவடி எடுக்கிற அன்னைக்கு நீங்க அங்க போய் நின்னா, பாட்டுக் குழுவுல வச்சிருக்க ஏலாது."

வாரம் முழுக்கக் கடையில் கத்துகிற தொண்டை அங்கேதான் பாடும். அதை எடுத்துவிடுவார்களாம்!

பெப்ரவரி 12

கோபம் இன்னும் போகவில்லை. இயேசு சாமி என்ன, சுகமானவர்களிடம் ரசீதா கேட்டார்?

பெப்ரவரி 20, வெள்ளி

அண்ணன் வந்தார். விரதத்தில் ஆள் பாதியாகிவிட்டார். மாநகரசபை வேலைக்கும் போய்க்கொண்டு ஒரு நேரச் சாப்பாடு. மார்ச் முதலாம் தேதி காவடி ஊர்வலம் என் வீட்டு வாசலால்தான் போகும்.

"ஒனக்குச் சபையில சங்கடம்னா சொல்லும்மா. நான் கோயில் கிட்ட போய்ச் சேந்துக்கிறேன். ஒங்க சாமி கோவிச்சுக்குமோ?"

"கோவிக்கிற ஆள் இல்லண்ணே அவரு."

பட்டென்று சொல்லிவிட்டேன். உண்மையாக நம்புகிறேனா? நம்புகிறேன். எனக்கு ஒரே ஆண்டவர்தான். காவடி எடுக்கவும் மாட்டேன், கும்பிடவும் மாட்டேன். ஆனால் அப்பா போன பிறகு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்கூலுக்கு நடந்தது யார்? சபை வாசலே தெரியாத வயதில், கடவுளின் அன்பு எப்படி இருக்கும் என்று எனக்குக் காட்டியது அந்த மனுஷன். அதைப் பிசாசின் வேலை என்று சொல்ல இந்த நாக்கு வளையாது. பாட்டுப் போனால் போகட்டும்.

மார்ச் 1, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. குடத்தோடு வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் மஞ்சளும் வேப்பிலையும் கலந்து வைத்திருந்தார்கள். என்னுடையது வெறும் குழாய்த் தண்ணீர். தார் ரோடு அப்படிக் கொதித்தது.

அண்ணன் வந்தார். கன்னத்தில் அலகு, தோளில் காவடி, பாதம் இரண்டும் சிவந்து — ஐயோ, எனக்காகத்தானே! குந்தி உட்கார்ந்து தண்ணீரை ஊற்றி, கையாலேயே தேய்த்துக் கழுவினேன். ஆண்டவர் சீஷர்களின் காலைக் கழுவினாரே, அவர்கள் எல்லாரும் என்ன சரியாக விசுவாசித்தவர்களா? அண்ணனால் பேச முடியாது. கண்ணால் வடிந்தது. எனக்கும்தான்.

சபைக்குப் போகிற பஸ்ஸில் இருந்து கஜனி எட்டிப் பார்த்தாள். நன்றாகப் பார்க்கட்டும்.

மார்ச் 2

பாஸ்டரிடமிருந்து போனில் ஒரு வரி வந்தது. பாட்டுக் குழுவில் நான் இல்லை. குளியலறையில் பாடினேன், தெருவுக்கே கேட்டிருக்கும்.

மார்ச் 5, வியாழன்

கிளினிக். ஸ்கேனில் மறுபக்கம் சின்னதாக ஏதோ தெரிகிறதாம். நாளை ஊசியால் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டொக்டர்.

அண்ணன் இடிந்துபோனார். "என் வெரதத்துலதான் எங்கயோ கொற வச்சிட்டேன்." சொல்லிச் சொல்லி அழுகிறார்.

பாஸ்டருக்கு யார் சொன்னதோ, போன் எடுத்தார். "அக்கா, அன்னைக்கு அந்தத் தண்ணி ஊத்துனது..." என்று தொடங்கினார். நான் விடவில்லை. "தண்ணி ஊத்துனதுக்குக் கட்டி குடுக்கிற ஆள நான் கும்பிடல பாஸ்டர். முடிஞ்சா ஜெபம் பண்ணுங்க. இல்லாட்டி வைங்க."

பயமா? பயம்தான். ஆனாலும் சுகம் தந்தால் அன்பு, தராவிட்டால் கோபம் என்றால் அது கடை வியாபாரம். ஆண்டவரை எனக்குத் தெரியும். என்னை அவருக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

மார்ச் 6, வெள்ளி

ஊசி குத்தி எடுத்துவிட்டார்கள். முடிவு அடுத்த வாரம்.

வெளியே வந்தால், வாங்குப் பலகையில் அண்ணனுக்குப் பக்கத்தில் பாஸ்டர்! இருவரும் என்னைக் கவனிக்கவில்லை. அண்ணன் மறுபடியும் அந்தப் பல்லவிதான்: "எல்லாம் என் வெரதத்துல உள்ள கொற..."

பாஸ்டர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லண்ணே. அப்புடிச் சொல்லாதீங்க. நீங்க ஒரு கொறையும் வைக்கல."

நான் கதவோடு அப்படியே நின்றுவிட்டேன். அண்ணனுக்குக் கன்னத்து வலி இன்னும் போகவில்லை, சூடாகக் குடிக்க முடியாது. பாஸ்டர் பிளேன்டீயை ஆற்றி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.