கொசுவலைக் கட்டு

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு,

நேற்று ஆராதனை முடிந்து, பாளையங்கோட்டைப் பழைய மிஷன் பங்களா மியூசியத்தில் புதிதாகத் திறந்த படுக்கையறையைப் பார்க்கப் போனேன். மிஷனரி ஐயரும் அவர் மனைவியும் படுத்த கட்டில், பீங்கான் கூஜா, மேலே தூக்கிக் கட்டிய கொசுவலை. எல்லாரும் கட்டிலைப் பார்த்தார்கள். நான் வலையைத்தான் பார்த்தேன்.

அதை இரண்டு முறுக்கு முறுக்கி, நுனியை இடப்பக்கம் செருகி, பூனைக்காது மாதிரி ஒரு துண்டை வெளியே விட்டிருந்தார்கள். காலையில் எழுந்ததும் நம் வீட்டில் நீங்கள் கட்டுகிற அதே கட்டு. வேறு யாரும் அப்படிக் கட்டி நான் பார்த்ததில்லை.

அறையை அலங்கரித்தவள் பக்கத்தில் நின்றாள். ஃபெபி என்று பெயராம்.

"இத யாரும்மா கெட்டுனது?" என்றேன்.

"நாந்தாங்க்கா. எங்க அம்பாசமுத்திரத்துல கொசு ஜாஸ்தில்லா, தெனமும் கெட்டுத பழக்கம்."

"இப்படிக் கெட்டுறதுக்கு யாரு சொல்லித் தந்தா?"

அவள் கட்டில் விரிப்பை நீவத் தொடங்கினாள். அதில் ஒரு சுருக்கமும் இல்லை.

நீங்கள் அம்பாசமுத்திரத்துக்கு மாற்றலாகிப் போனபோது பெட்டியில் நான் ஒரு வலையை மடித்து வைத்தேன். "அங்கன கொசுவே கெடையாது" என்று எடுத்து வெளியே போட்டீர்கள்.

சனிக்கிழமை வரும்போது அந்தக் கட்டை எனக்கும் சொல்லித் தாருங்கள். இத்தனை வருஷத்தில் எனக்கு நீங்கள் சொல்லித் தந்ததில்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் இருப்பவள்