மண்வெட்டி படாத வரிசை

மெரேயானா,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? நான் ஆஸ்திரேலியச் சுரங்கத்தின் புழுதியைத் தின்றுகொண்டு நலமாகத்தான் இருக்கிறேன்.

உன் தம்பி பாராயிரே நேற்று போன் செய்தான். "மச்சான், குளிருக்கு முன்னாடி உங்க சர்க்கரைவள்ளிய மண்வெட்டி போட்டு அரை நாள்ல தோண்டிட்டேன். நீங்கன்னா கையால மண்ணைத் தடவிக்கிட்டே ஒரு வாரம் உக்காந்திருப்பீங்க!" என்று சிரித்தான். போனை வைத்ததும் கதவை உதைத்தேன். கட்டைவிரல் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, பயப்படாதே.

நம் வீட்டில் யாராவது கிழங்கின்மேல் இரும்பை வைத்ததுண்டா? நீ நின்று வேடிக்கை பார்த்தாயா? கீறல் பட்ட ஒன்று சேர்ந்தாலும் கிடங்கு மொத்தமும் அழுகும். வெட்டுப்பட்டதையெல்லாம் பொறுக்கி அவன் வீட்டுக்கே அனுப்பு. தின்று தீர்க்கட்டும். இனி அவன் என் தோட்டத்தில் கால் வைக்கக் கூடாது.

எனக்குக் கிழங்கு அனுப்பாதே. நியூசிலாந்து மண் ஒட்டிய எதையும் இங்கே சுங்கத்தில் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். மண்ணோடு ஒன்றைப் போட்டோ எடுத்து அனுப்பு, போதும்.

வேலியோர வரிசை மட்டும் தோண்டாமல் மிச்சமாமே. அதை யாரும் தொட வேண்டாம். நான் வருவதற்குள் மழையில் அழுகிவிடும் என்று எனக்கும் தெரியும். அழுகட்டும். அதை நான்தான் தோண்டுவேன்.

ஷிப்ட் வண்டி வந்துவிட்டது.

ரேவி