பழைய சேலையில் தைத்த மாஸ்க்

நீங்கள் கர்த்தருக்குள் நித்திரையடையவில்லை அக்கா. பஞ்சுத் தூசி நெஞ்சை அடைத்து, மூச்சு முட்டிச் செத்தீர்கள்.

மம்சாபுரம் பஸ் நிறுத்தச் சுவரில் உங்கள் இரங்கல் போஸ்டர் இன்னும் இருக்கிறது. மழையில் கிழிந்தது போக உங்கள் கண்களும் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்ற வரியும்தான் மிச்சம். அதன் கீழே நிற்கிறேன். என் பையில் ஒரு தாள் இருக்கிறது. ஷிப்ட் தொடங்குமுன் அதில் கையெழுத்துப் போட்டுச் சூப்பர்வைசரிடம் கொடுக்க வேண்டுமாம். ராஜபாளையம் பஸ் இன்னும் வரவில்லை. அதற்குள் உங்களிடம் பேசிவிட வேண்டும்.

மில்லில் எனக்கு முதல் நாளே கார்டிங் செக்சன். பஞ்சைச் சிக்கெடுக்கிற இடம். எதிரே நிற்கிற ஆள் தெரியாத அளவுக்குத் தூசி. இருமிக்கொண்டே நின்ற என் கையில் ஒரு மாஸ்க்கைத் திணித்தீர்கள். உங்கள் பழைய சேலையைக் கிழித்து நீங்களே தைத்தது. நீலப் பூப் போட்டது.

"ஏட்டி, மூக்க மூடு. மூக்கு உன்னது, மில்லுக்காரனது இல்ல."

"மில்லுல மாஸ்க் கொடுக்க மாட்டாங்களாக்கா?"

"வந்துக்கிட்டிருக்குங்காங்க. நாலு வருசமா வருது. எந்த ஊரு பஸ்ஸுல ஏறிச்சோ."

நீங்கள் எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லுகிறவர். பஸ்ஸில் சீட் கிடைத்தால் ஸ்தோத்திரம். மகன் ரெண்டு இட்லி கூடத் தின்றால் ஸ்தோத்திரம். எனக்கு எரிச்சலாக வரும். "பஸ் வந்ததுக்கு டிரைவருக்குல்ல நன்றி சொல்லணும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவருக்கும் சொல்லிட்டேன்ட்டி. உனக்குத்தான் ஒருத்தருக்கும் சொல்ல வரல."

அப்பா கொத்து வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்து கிடந்த வாரம், நீங்கள் எனக்கு வசனம் எதுவும் சொல்லவில்லை. உங்கள் டீ நேரத்தில் என் மெஷினில் வந்து நின்றீர்கள். "செத்த நேரம் அழுதுட்டு வா. இத நான் பாத்துக்கிடுதேன். உன்னக் கர்த்தர் பாத்துக்கிடுவாரு." சர்ச்சுக்குப் பெயருக்குப் போய்வந்த நான், அன்றுதான் முதல்முறையாக உண்மையாக ஜெபம் பண்ணினேன். பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால், மூக்கைச் சிந்திக்கொண்டு. திரும்பி வந்து மெஷினில் நிற்க முடிந்தது. அதை நான் மறுக்கவே மாட்டேன்.

ஆனால் மில்லைச் சோதனை போட அரசாங்க அதிகாரி வந்த நாளையும் மறக்க மாட்டேன். மூத்த ஆள் என்று உங்களிடம்தான் கேட்டார். "மாஸ்க் எல்லாம் கொடுக்காங்களாம்மா?" சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றார். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள்.

"கொடுக்காங்க சார்."

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சாட்சி சொல்ல எழுந்தீர்கள். வழக்கமான ஸ்தோத்திரம் வரவில்லை. "நான் இந்த வாரம் பொய் சொல்லிட்டேன்" என்று எல்லார் முன்னாலும் விம்மினீர்கள். போதகர், "கர்த்தர் மன்னிப்பாரும்மா, உக்காருங்க" என்றார். எனக்கு மன்னிக்க வரவில்லை. தெருவில் வைத்தே கேட்டேன்.

"அந்த அதிகாரிகிட்ட சொல்லாம இங்க வந்து அழுதா தூசி போயிருமா?"

"போகாதுட்டி." நின்று இருமினீர்கள். "அடுத்த தடவ சொல்லுததுக்குத் தைரியம் கேட்டிருக்கேன். தருவாரு."

அடுத்த தடவை வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கு அலைந்தீர்கள். அடக்கத்துக்கு மில்லிலிருந்து ஒரு மாலை வந்தது.

இப்போது உங்கள் வீட்டுக்கார அண்ணன் மனுக் கொடுத்திருக்கிறார், என் மனைவிக்கு நோய் மில்லில்தான் வந்தது என்று. அதற்கு மில்லுக்காரர்கள் எழுதிய பதில்தான் என் பையில் இருக்கிற தாள். தொழிலாளர் எல்லாருக்கும் மில் மாஸ்க் கொடுத்தது என்று எழுதியிருக்கிறது. ஏழு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவர்களை நான் திட்டவில்லை. எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். என் வீட்டிலும்தான். அப்பாவின் கால் இன்னும் சரியாகவில்லை.

"எப்ப சார் கொடுத்தீங்க?" என்று நேற்று கேட்டுவிட்டேன்.

சூப்பர்வைசர் சிரித்தார். "இந்தா, மூஞ்சியில மாட்டியிருக்கியே. பொறவு என்னத்துக்குப் பேசுத?"

நீங்கள் தைத்தது அக்கா. உங்கள் சேலை. அதையே உங்களுக்கு எதிராகக் காட்டினார். அதைக் கழுவிக் கழுவி நீலப் பூ வெளுத்துவிட்டது. இப்போதும் மடித்துச் சாப்பாட்டுத் தூக்கோடு வைத்திருக்கிறேன்.

நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. இங்கே உங்கள் போஸ்டருக்குக் கீழே நின்று இதைச் சொல்வது எளிது. மில் வாசலில் என்னால் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

பஸ் வருகிறது. தைரியம் கேட்டீர்களே அக்கா, கர்த்தர் அதை உங்களுக்குத் தந்தாரா? தந்திருந்தால் எங்கே வைத்துவிட்டுப் போனீர்கள்? எனக்கு அது இன்றைக்கு வேண்டும். சொல்லுங்கள்.